தனிவழி நடப்பவனின் கடன்

மனிதன் கூடி வாழப் பிறந்தவன் என்பர் அறிஞர். அக்கூற்றை மறுப்பார் இலர். ஆயினும், கூட்டத்தினின்று சில நாழிகையேனும் விலகித் தன்னோடு தானே இருக்க விரும்பாத நெஞ்சமும் உலகில் இல்லை. இவ்விரு விருப்பங்களும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கின்றன. பல வேளைகளில் ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன. அவை மோதும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். காட்டினுள் விழும் அருவியையும், அதற்கு அப்பால் மறைந்து கிடக்கும் சுனையையும் நாடி, ஒருவன் ஒரு பகற்பொழுது துணையின்றித் தனியே நடந்து செல்கிறான். அவ்வாறு செல்ல அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில், அவ்வுரிமையோடு கூடவே வரும் கடன் யாது?

நன்னெறிக் கல்விப் பாடவேளையில் இத்தகைய வினா எழுந்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "காட்டுக்குத் தனியே போவது அறியாமை" என்பர் ஒரு சாரார். "உயிர் என்னுடையது, கால்கள் என்னுடையவை, இதில் பிறர்க்கு என்ன?" என்பர் மறு சாரார். முன்னவர் தனிமையின் பயனை அறியாமல் பேசுகின்றனர். பின்னவர் உயிரின் உறவுகளை அறியாமல் பேசுகின்றனர். இரு தரப்பினர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருத்தலின், இரண்டனையும் நிறுத்துப் பார்ப்பதே முறையாகும்.

தனிமையின் சிறப்பு

கோலாலம்பூரிலிருந்து ரவாங் செல்லும் பழைய சாலையை ஒட்டிக் கஞ்சிங் அருவி உள்ளது. கியாம் கஞ்சிங் எனப்படும் அரிய மரம் இக்காட்டுக்கே உரியது. ஏழு அடுக்குகளாக இறங்கி வரும் அவ்வருவியின் கீழ் அடுக்குகளில் விடுமுறை நாள்களில் மக்கள் திரள்வர். பாய் விரிப்பார் சிலர். சோற்றுப் பொட்டலம் அவிழ்ப்பார் சிலர். பிள்ளைகளை நீரில் இறக்குவார் சிலர். குரங்குகளை விரட்டுவார் சிலர். அடுக்கு ஏற ஏற ஆரவாரம் குறையும். படிக்கட்டுகள் மறைந்து மர வேர்களே படிகளாகும். மேல் அடுக்குகளை அடைபவர் சிலரே. அவ்விடத்தில் தனியே நிற்பவன் கேட்கும் ஓசை வேறு. கீழே ஐம்பது பேரோடு நிற்பவன் கேட்கும் ஓசை வேறு. நீர் ஒன்றுதான், கேட்கும் செவிதான் மாறிவிட்டது.

கூட்டமாக நடப்பவர் பேச்சின் வேகத்தில் நடக்கின்றனர். காடு அவர்களுக்குப் பேச்சின் பின்புலமாகிவிடுகிறது. தனியே நடப்பவனுக்குப் பேச யாருமில்லை. எனவே அவன் பார்க்கிறான், கேட்கிறான், காலடியில் ஈரமான பாறை எது, உலர்ந்த பாறை எது என்று ஆராய்கிறான். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் அவனே முடிவு செய்ய வேண்டும். வழி தவறினால் பழி சுமத்தவும் அருகில் ஒருவரும் இல்லை. தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்கும் பயிற்சியை இதனினும் தெளிவாகத் தரும் பள்ளிக்கூடம் அரிது.

இக்காலத்து மாணவனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பள்ளி, மாலையில் துணைவகுப்பு, இரவில் கைத்தொலைபேசி. அவன் தனித்திருக்கும் நேரம் உறங்கும் நேரம் மட்டுமே. தன் எண்ணம் எது, பிறர் தன்னுள் இட்ட எண்ணம் எது என்று பிரித்தறிய அவனுக்கு வாய்ப்பே இல்லை. நம் சித்தர்களும் முனிவர்களும் மலையை நாடியதும், பிரெஞ்சு அறிஞர் ரூசோ தம் இறுதிக் காலத்தில் தனிநடையின் சிந்தனைகளை எழுதி வைத்ததும், அமெரிக்க அறிஞர் தோரோ 1845 ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரைக் குடிலில் குடிபுகுந்ததும் காரணமற்ற செயல்கள் அல்ல. ஆதலின், தனியே செல்வதை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்குதல் தகாது.

மில் காட்டிய பாலம்

தனிமனித உரிமையைப் பற்றிப் பேசுவோர் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அவர் 1859 இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கன்றி ஒருவனது செயலில் சமுதாயம் வலிந்து தலையிடலாகாது என்று வாதிட்டார். அந்நூலில் நம் பொருளுக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலத்தை ஒருவன் கடக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லையெனில் அவனைப் பிடித்து நிறுத்தலாம். ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. ஆனால் விழுவது உறுதியன்று, இடர் இருக்கக்கூடும் என்ற அளவில்தான் நிலைமை இருக்குமாயின், எச்சரித்தலோடு நாம் நின்றுவிட வேண்டும். துணிவதா திரும்புவதா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்பது மில்லின் கருத்து. குழந்தைகளுக்கு இவ்விதி பொருந்தாது என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

இக்கருத்தை ஏற்றால், அறிவு முதிர்ந்த ஒருவன் அருவிக்குத் தனியே செல்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றாகிறது. ஆனால் மில் அவ்வளவில் நின்றவரல்லர். தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஒருவன், அதனால் பிறர்க்குச் செய்ய வேண்டிய குறித்த கடமையில் தவறுவானாயின், அது அவனோடு முடிந்துபோகும் செய்தியன்று என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். எனவே, "இது என்னோடு முடிந்துபோகும் செய்தியா?" என்பதே தனிவழி நடப்பவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.

காத்திருப்போர்

இவ்வினாவுக்கு விடை காண நாம் மேலைநாட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அதிலுள்ள தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை வியந்து போற்றுகிறோம். தலைவி அருவியாடியதையும் மலர் கொய்ததையும் சுவைபடப் பாடம் நடத்துகிறோம். ஆனால் அப்பாட்டில் அருவிக்குச் செல்லும் தலைவி தனியே செல்லவில்லை; தோழி உடனிருக்கிறாள். தனியே வருபவன் தலைவன். அவன் இரவில் மலைவழியே வருகிறான். பாட்டின் இறுதிப் பகுதியில் தோழி எடுத்துரைப்பது அவன் வீரத்தையன்று. அவன் வரும் வழியை எண்ணித் தலைவி படும் துயரத்தை.

அவ்வழியில் உள்ள இடர்களைத் தோழி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறாள். புலி, கரடி, யானை, பாம்பு, இடி, முதலை என நீளும் அப்பட்டியலில் வழுக்கும் நிலங்களும், வழி முட்டிப்போகும் இடங்களும் இடம்பெறுகின்றன. காட்டில் நடந்து பழகியவர் இதனைப் படித்தால் வியப்பர். கொடிய விலங்குகளோடு ஒரு வழுக்குப் பாறையையும் சமமாக வைத்து எண்ணிய புலவர் மலையை அறிந்தவர். மலையை மட்டுமன்று, வீட்டில் காத்திருப்பவரின் மனத்தையும் அறிந்தவர். நடப்பவன் ஒரு வேளையில் ஒரு பாறையைத்தான் கடக்கிறான். காத்திருப்பவளோ வழியிலுள்ள எல்லாப் பாறைகளையும் ஒரே வேளையில் கடந்துகொண்டிருக்கிறாள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்சன், 1967 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள் கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து பிற்பகலில் உலாவச் சென்றதாகக் கருதப்படுகிறது. அவர் திரும்பவில்லை. காவல் துறையினரும் படைவீரர்களும் பூர்வகுடி மக்களும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினர். ஒரு தடயமும் அகப்படவில்லை. அவருக்கு நேர்ந்தது யாது என்பது இன்றுவரை விளங்காத புதிர். இறந்தார் என்று அழவும் முடியாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் உற்றார் படும் துன்பம் மரணத்தினும் கொடிது. எங்குச் செல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செல்வதன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

தேடி வருவோர்

காத்திருப்போர் நமக்கு வேண்டியவர்கள். நம்மைத் தேடி வருவோரோ நமக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். அறக்கேள்வி கூர்மையடைவது இவர்களிடத்தில்தான்.

2018 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள், பூச்சோங் வட்டாரத்தில் ஈயக் குட்டை ஒன்றில் விழுந்த இளைஞர் ஒருவரைத் தேடும் பணியில் மலேசியத் தீயணைப்பு மீட்புப் படையைச் சேர்ந்த ஆறு வீரர்கள் நீரோட்டத்தில் அகப்பட்டு மாண்டனர். 2010 இல் பகாங் மாநிலத்தின் லுபோக் யூ எனும் நீர்ப்பொழிலில் மூழ்கிய ஒருவரைத் தேடச் சென்றவர்களும் கிராமத்தவர்களும் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்கிருமிகளால் நோயுற்றனர். அவருள் உயிர் நீத்தாரும் உளர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நீரில் வீழ்ந்தவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எவர்க்கும் நேரக்கூடிய விபத்துகள் அவை. ஆயினும் ஓருயிர் நீரில் வீழ்ந்தால் அதனோடு எத்தனை உயிர்கள் பிணைக்கப்படுகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

"மீட்புப் படையினர் அதற்காகவே ஊதியம் பெறுகின்றனர்" என்று சிலர் கூறக்கூடும். ஊதியம் அவர்தம் உழைப்பிற்கு, உயிருக்கு அன்று. மேலும், லுபோக் யூவில் இறங்கிய கிராமத்தவர்க்கு ஊதியம் அளித்தவர் யார்?

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நீரில் வீழ்ந்தவன் எச்சரிக்கையானவனா, செருக்குற்றவனா என்று விசாரித்துவிட்டு மீட்போர் புறப்படுவதில்லை. அவ்வாறு விசாரிக்கத் தொடங்கினால் மனிதநேயம் வணிகமாகிவிடும். தகுதியுடையவனுக்கும் தகுதியற்றவனுக்கும் ஒருங்கே நீளும் கைதான் மீட்பவரின் கை. அவர்கள் எந்நிலையிலும் வந்தே தீர்வர் என்பதனால்தான், அவர்களை வரவழைக்கக் கூடிய செயலைச் செய்யுமுன் நாம் எண்ண வேண்டியவர்களாகிறோம். நிபந்தனை விதிப்பவனிடம் நாம் பெறும் உதவி அவன் விதித்த நிபந்தனையோடு தீர்ந்துபோகும். நிபந்தனையின்றி உதவுபவனிடம் நாமே நமக்கு நிபந்தனை விதித்துக்கொள்ள வேண்டும். தனிவழி நடப்பவனின் கடன் இங்கேதான் தோன்றுகிறது.

தோட்டம் கற்பித்த பாடம்

அப்படியாயின் எவரும் எங்கும் தனியே செல்லலாகாது என்பதுதான் முடிவா? அன்று. அம்முடிவு தவறு என்பதற்கு நம் பெற்றோரின் வாழ்வே சான்று.

இந்நாட்டின் இரப்பர்த் தோட்டங்களில் நம் தாய்மார்கள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றனர். அங்குப் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குத் தனியே நடந்தனர். இருள் பிரியாத வேளை. பாம்பும் பன்றியும் நடமாடும் இடம். சில தோட்டங்களில் புலி அச்சமும் இருந்தது. ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு அவர்கள் தனியே நடந்து பால் வெட்டினர். அவர்களை ஒருவரும் அறிவிலிகள் என்று கூறவில்லை.

பிழைப்புக்காகச் சென்றதனால்தானா? அது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. எந்தப் பெண் எந்த நிரையில் இருக்கிறாள் என்பது கங்காணிக்குத் தெரியும். பால் எடுத்து நிறுவைக்கு வர வேண்டிய நேரம் எல்லார்க்கும் தெரியும். ஒருத்தியின் வாளி மட்டும் பால் கொட்டகைக்கு வந்து சேரவில்லையெனில், அடுத்த நிரைக்காரி அவளைத் தேடிக்கொண்டு நடப்பாள். காடு முழுவதையும் தேட வேண்டியதில்லை; ஒரு நிரையைத் தேடினால் போதும். அவள் தனியே நடந்தாள்; ஆனால் தொடர்பற்று நடக்கவில்லை.

தனித்திருத்தல் வேறு, தொடர்பற்றிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் நாம் எடுத்துக்கொண்ட சிக்கலின் முடிச்சு அவிழ்கிறது. தனிமையின் தூதர் என்று போற்றப்படும் தோரோவும் வால்டனிலிருந்து ஊருக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். நண்பர்களைக் குடிலில் வரவேற்கவும் செய்தார். அதனால் அவர் தனிமை குறைந்துவிடவில்லை. அருவிக்குச் செல்பவன் எவ்வழி செல்கிறான், எப்பொழுது திரும்புவான், எந்நேரத்துக்குள் திரும்பாவிடில் தேட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்வதால் அவன் தனிமை ஒரு துளியும் குறையாது. 1984 ஆம் ஆண்டுத் தேசியக் காட்டுவளச் சட்டத்தின் கீழ்க் காட்டு இலாகாவிடம் நுழைவு அனுமதி பெறுவதைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். அவ்வனுமதியும் ஒரு வகையில் பெரட்டுதான். உள்ளே சென்றவர் யார் என்பதைத் திரும்பி வருமட்டும் ஒருவர் நினைவில் வைத்திருக்க அது துணைசெய்கிறது. மலைப்பள்ளத்தில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போவது இயல்பு. புறப்படுமுன் சொல்லிய சொல்லுக்கு அலைவரிசை வேண்டா.

நீரின் இயல்பு

சொல்லிச் செல்வது முதற்கடன். அறிந்து செல்வது இரண்டாவது கடன். மறைவான சுனையின் அழகே அதன் இடரும் ஆகும். யாரும் வாராத இடம் என்பதால் அது தூயதாய் இருக்கிறது. யாரும் வாராத இடம் என்பதால் அங்கு எழும் குரலைக் கேட்பாரும் இலர். அருவி விழுந்து விழுந்து பாறையைக் குடைந்த பள்ளத்தின் ஆழம் கரையில் நிற்பவன் கண்ணுக்குப் புலப்படாது. அடியில் மரக்கட்டையும் கூரிய பாறையும் கிடக்கக்கூடும். அருவி விழும் இடத்தில் நுரைத்த நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அது உடலைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. நன்கு நீந்தத் தெரிந்தவனும் அங்கே திணறுவான்.

இவை அனைத்தினும் கொடியது மலைவெள்ளம். நம் நாட்டில் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். மலையுச்சியில் பெருமழை பொழியும்; கீழே சுனைக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வானத்தைப் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது; நீரைப் பார்ப்பவனுக்கே தெரியும். தெளிந்த நீர் கலங்கும்; இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும்; நீரின் ஓசை மாறும். சில நிமிடங்களில் வெள்ளம் பெருகிவிடும். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீர் கலங்கிய கணமே உடைமையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது ஒரு வரிச் செய்திதான். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளை அருவிக்கு அனுப்பும் பெற்றோரும் ஆசிரியரும் நம்மிடையே பலர்.

திரும்பும் துணிவு

மூன்றாவது கடன் ஒன்று உண்டு. அதுவே அனைத்தினும் அரியது. வேண்டிய இடத்தில் திரும்பிவிடுதல் என்பதே அது.

நான்கு மணி நேரம் நடந்தாயிற்று. அருவியின் இரைச்சல் காதில் விழுகிறது. இன்னும் ஓர் ஆற்றைக் கடந்தால் சுனை. ஆனால் நீர் காலையில் இருந்ததினும் சற்று உயர்ந்திருக்கிறது; சற்றே நிறமும் மாறியிருக்கிறது. கூட்டமாக வந்திருந்தால் அவருள் அஞ்சுபவர் ஒருவரேனும் இருந்திருப்பார். அவரைக் காரணம் காட்டித் திரும்பியிருக்கலாம். தனியே வந்தவனுக்கு அந்த வசதியும் இல்லை. முன்னேறினால் புகழ்வாரும் இலர். திரும்பினால் இகழ்வாரும் இலர். அவன் மனமும் அந்த ஆறும் மட்டுமே அங்கு உள்ளன.

பிறர் பார்க்கும்போது செய்யும் நன்மையில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு பார்ப்பவருடையது என்று கூறுவது கடினம். சாட்சியற்ற இடத்தில் ஒருவன் செய்யும் முடிவே அவனது இயல்பான முடிவு. வீட்டில் காத்திருப்பவரையும், இரவில் விளக்கேந்தித் தன்னைத் தேடி வரக்கூடிய முகமறியாத மனிதரையும் அக்கணத்தில் நினைவுகூர்ந்து, காணாத சுனையைக் காணாமலே ஒருவன் திரும்புவானாயின், அவன் தனிமையின் பயனை முழுமையாகப் பெற்றவன். சுனையில் நீராடியவன் பெற்றதினும் அவன் பெற்றது குறைவன்று. துணிவு என்ற சொல்லை முன்செல்வதற்கு மட்டுமே உரியதாக நாம் மாணவர்க்குக் கற்பித்துவிட்டோம். திரும்புவதற்கும் துணிவு வேண்டும் என்பதைச் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தனியே செல்லும் உரிமை அறிவு முதிர்ந்தவர்க்கு உண்டு என்பதும், அவ்வுரிமை அவருடையதே ஆயினும் அதன் விளைவு அவரோடு முடிவதில்லை என்பதும், சொல்லிச் செல்லுதல், அறிந்து செல்லுதல், திரும்பத் தெரிதல் ஆகிய மூன்றும் அவ்வுரிமைக்கு உரிய கடன்கள் என்பதும் பெறப்படும்.

பள்ளிப் பிள்ளைகள் தனியே காட்டுக்குச் செல்லும் பருவத்தினர் அல்லர். ஆனால் ஒரு நாள் அப்பருவத்தை எய்துவர். "போகாதே" என்ற ஒரு சொல்லோடு நம் கற்பித்தல் நின்றுவிட்டால், அவர்கள் போகும்போது சொல்லாமல் போவர். எனவே இளமையிலேயே சிறு சிறு தனிவழிகளை அவர்களுக்கு நாம் அளித்தல் நன்று. பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் பேசாது அமர்ந்து கண்டதை எழுதச் செய்யலாம். நூலகத்துக்குத் தனியே சென்று குறித்த நேரத்தில் திரும்பி வந்து அறிவிக்கச் செய்யலாம். சொன்ன நேரத்தில் திரும்பிய மாணவனை, போட்டியில் வென்ற மாணவனைப் பாராட்டுவது போலவே பாராட்டலாம். வந்துவிட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு வாய்த்துவிட்டால், பின்னாளில் அவன் எந்த மலைக்குச் சென்றாலும் அவனுக்காகக் காத்திருப்போர் அமைதியாக உறங்குவர்.